மைனஸ் பெருக்கல் தப்பாவே வருது, அவசரம்

பனையப்பட்டி ஆத்தா: வணக்கம். மகன் ஏழாவது படிக்கிறான். முழுக்கள் கணக்குல மைனஸ் வந்தாலே தப்பு. விதியெல்லாம் ஒப்பிக்கிறான், விடைதான் சரியா வரமாட்டேங்குது. நாளைக் கழிச்சுப் பரீட்சை. என்ன செய்யலாம், சீக்கிரம் சொல்லுங்க.

கல்லல் டியூஷன்: தப்பான கணக்கு ரெண்டு மூணு அப்படியே போடுங்க ஆச்சி. கேள்வியும் வேணும், அவன் எழுதின விடையும் வேணும். குறி மட்டும் தப்பா, எண்ணும் தப்பா? சமச்சீரா, சிபிஎஸ்இயா?

கோவிலூர் 77: வாய்ப்பாடு ஒழுங்கா வராத பிள்ளைக்கு எல்லாமே தப்பாத்தான் வரும். முதல்ல பதினாறு வரைக்கும் மனப்பாடம் பண்ண வைங்க.

கோட்டையூரான்: கடனை வச்சுச் சொல்லிக் கொடுங்க, சட்டுனு ஏறும். தலா 4,000 ரூபாய்க்குப் புரோநோட்டு (கடன் பத்திரம்) மூணு எழுதிக் கொடுத்தா 3 × (−4000) = −12,000. கடன் கொடுத்தவரே அந்த மூணையும் கிழிச்சுப் போட்டா (−3) × (−4000) = +12,000. அவ்வளவுதான்.

தேவகோட்டை ரஸ்தா: கிழிச்சதும் கையில 12,000 வந்துருச்சா அண்ணே? பிள்ளைங்க இதைத்தான் கேக்கும்.

கோட்டையூரான்: கையில வராது தம்பி, ஐந்தொகையில, அதாவது சொத்து-கடன் கணக்குல வரும். கையில 20,000, கடன் 12,000ன்னா நிகரம் 8,000. நோட்டு கிழிஞ்சதும் நிகரம் 20,000. கூடினது 12,000.

தேவகோட்டை ரஸ்தா: ஏழாவது பிள்ளைக்கு நிகரத்தை விளக்கி முடிக்கிறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிரும். ஊருணியைக் காட்டுங்க. மழையில்லாத நாள்ல தண்ணி தினம் 2 செ.மீ. இறங்குதுன்னு வைங்க, அது −2. இன்னையிலிருந்து 4 நாள் கழிச்சு 4 × (−2) = −8, இன்னைக்கு மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே. 4 நாளைக்கு முன்னாடின்னா (−4) × (−2) = +8, அன்னைக்கு 8 செ.மீ. மேலேதானே நின்னிருக்கும்? கண்ணாலயே பார்த்துக்கலாம்.

கணக்குப்பிள்ளை: புரோநோட்டு, ஊருணியெல்லாம் அடிப்படை தெரியாதவங்க பிடிச்சுக்கிற ஊன்றுகோல். கடனை (மைனஸை) கடனால பெருக்கினா தனம், அதாவது பிளஸ்னு அந்தக் காலக் கணித மேதை பிரம்மகுப்தர் கி.பி. 628லேயே விதி சொல்லிட்டார். ஏன்னு தெரியணும்னா பங்கீட்டுப் பண்பு, அதாவது a × (b + c) = a × b + a × c போதும், பலமுறை எழுதியாச்சு, யாரும் படிக்கிறதில்லை. 4 + (−4) = 0. அதை (−3)ஆல பெருக்கினாலும் 0. விரிச்சா (−3) × 4 + (−3) × (−4) = 0. முதல் பகுதி −12. கூட்டினா 0 வரணும், அப்ப ரெண்டாவது +12ஆத்தான் இருக்க முடியும். வேற வழியே கிடையாது.

தேவகோட்டை ரஸ்தா: நிரூபணம் சரிங்க, மறுக்கல. பையன் ‘விரிச்சா’ங்கிற இடத்துலயே நின்னுருவான். அதே விஷயத்தை வரிசையாப் போட்டாப் புரியும்: 3 × (−4) = −12, 2 × (−4) = −8, 1 × (−4) = −4, 0 × (−4) = 0. ஒவ்வொரு படியிலும் 4 கூடுது. அடுத்த படி (−1) × (−4), அது 4. அதுக்கடுத்தது 8.

கணக்குப்பிள்ளை: வரிசை ஊகம்தான், நிரூபணம் ஆகாது.

கல்லல் டியூஷன்: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. எந்தக் கணக்கு தப்புன்னே இன்னும் தெரியல. ஆச்சி, இருக்கீங்களா?

பனையப்பட்டி ஆத்தா: சமச்சீர்தான். நோட்டுல இருக்கிறது:
−7 − 2 = 9 (தப்பு)
−4 + (−5) = 9 (தப்பு)
(−6) × (−4) = 24 (சரி)
(−2) × (−3) × (−5) = 30 (தப்பு)
−3² = 9 (தப்பு)

கல்லல் டியூஷன்: இதை முதல்லயே போட்டிருக்கலாம். வாய்ப்பாடு நல்லாத்தான் இருக்கு, எண் ஒண்ணுகூடத் தப்பில்லை. முதல் ரெண்டும் பெருக்கலே இல்லை. ‘மைனஸ் மைனஸ் பிளஸ்’னு பாட்டாப் படிச்சு, ரெண்டு மைனஸைக் கண்ட இடத்துலயெல்லாம் போடுறான். அந்த அரை வாக்கியத்தை இன்னையோட நிறுத்துங்க. ‘மைனஸ் எண்ணை மைனஸ் எண்ணால பெருக்கினா பிளஸ்’னு முழுசாச் சொல்ல வைங்க.

−7 − 2ஐ (−7) + (−2)ன்னு மாத்தி எழுதட்டும். எண்கோட்டுல பூச்சியத்துக்கு இடப்பக்கம் 7ல நின்னு இன்னும் ரெண்டு இடப்பக்கம் போனா −9. −4 + (−5)உம் இதே மாதிரி −9. ஆனா −7 − (−2)ன்னு வந்தா அது −7 + 2, அதாவது −5. இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுங்க, குழப்பம் அங்கதான் இருக்கு.

மூணு எண் பெருக்கல்ல முதல் ரெண்டு மைனஸோட நின்னுட்டான். ரெண்டு ரெண்டாப் போடணும்: (−2) × (−3) = 6, பிறகு 6 × (−5) = −30. சரிபார்க்க மைனஸ் எண்களை எண்ணினாப் போதும்: ஒற்றைப்படைன்னா மைனஸ், இரட்டைப்படைன்னா பிளஸ். நடுவுல ஒரு 0 இருந்தா எண்ணவே வேண்டாம், விடை 0.

இன்னைக்குப் பெருக்கல் 6, கூட்டல் கழித்தல் 6 கலந்து போட்டுக் கொடுங்க. விடை எழுதுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ‘பெ’ இல்லைன்னா ‘கூ’ன்னு எழுதணும். பெருக்கலை மட்டும் தனியாக் கொடுத்தா எல்லாம் சரியா வரும், தப்பு வெளியே தெரியாது.

கோவிலூர் 77: −3² = 9 எப்படித் தப்பு? எக்செல்ல =-3^2 அடிச்சா 9தானே வருது?

கணக்குப்பிள்ளை: எக்செல்லை வச்சா கணக்கு படிக்கிறது? அடுக்குதான் முதல்ல. 3² = 9, முன்னாடி மைனஸ், ஆக −9.

தேவகோட்டை ரஸ்தா: எக்செல்ல முன்னாடி ஒட்டியிருக்கிற மைனஸை எண்ணோட சேர்த்துட்டு அப்புறம்தான் அடுக்கு பார்க்கும். அது அந்த மென்பொருளோட விதி. அதுலயே =0-3^2 அடிச்சுப் பாருங்க, −9 வரும்.

கோவிலூர் 77: ஆமா, −9 வருது. ஒரே மென்பொருள்ல ரெண்டு விடையா?

கணக்குப்பிள்ளை: அதுல எண்ணோட குறி, இதுல கழித்தல். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சதாலதான் அந்தப் பையனும் −7 − 2ல சறுக்கினான்.

கல்லல் டியூஷன்: ஆச்சி, பரீட்சைக்கு: அடைப்புக்குறி இருந்தா (−3)² = 9, இல்லைன்னா −3² = −9.

பனையப்பட்டி ஆத்தா: ‘பெ’, ‘கூ’ எழுதிப் போட்டான். 12ல 11 சரி. தப்பானது −8 − (−3), −11ன்னு போட்டிருக்கான். நாளைக்கு அந்த மாதிரியே இன்னும் அஞ்சு கொடுக்கிறேன். நன்றி.