ஒட்டகத்து மேல ஒரு கரும்பலகை

அமெரிக்காவின் மினியாபொலிஸில் டாக்ஸி பிடித்தால் ஓட்டுநர் சோமாலியராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படிப் பழக்கமானவர்தான் இவர். என்னை 'வலால்' என்றே கூப்பிடுவார். அவர்கள் மொழியில் உடன்பிறந்தவன். சொந்த பூமி சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவுக்குத் தெற்கே, ஹவுட் மேய்ச்சல் வெளி.

ராத்திரி வண்டி ஓட்டிச் சேர்த்த காசில், ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு பெர்காத் பக்கத்தில் இரண்டு அறை கட்டி, தகரக்கூரை போட்டிருக்கிறார். பெர்காத் என்பது மழைத்தண்ணீரைப் பிடித்துவைக்கும் சிமென்ட் தொட்டி. ஜிலால் என்கிற வறண்ட மாதங்களில் சுற்றிலும் குடிசைகள், வகுப்பில் உட்கார இடமில்லையாம். ஏப்ரலில் 'கூ' என்கிற பருவமழை இறங்கியதும் பெண்கள் குடிசையைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றிவிட்டார்கள். மிஞ்சியது தொட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்.

ஆத்திரத்தோடு அம்மாவுக்குப் போன் போட்டால், அந்தம்மா கேட்டாராம்: "புல்லு உன் பள்ளிக்கூட வாசல்ல வந்து முளைக்குமா?"

குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவர் மட்டும் எப்படிச் சமாளிக்கிறார் என்று அப்புறம்தான் யோசித்திருக்கிறார். அவர் குடும்பங்களோடவே நடக்கிறார். பிள்ளைகள் கையில் ஒரு மரப்பலகை, கரியில் செய்த மை. பாடம் மனப்பாடமானதும் கழுவிவிட்டு அடுத்தது எழுதுவார்கள். பள்ளிக்கூடம் அங்கே ஏற்கெனவே இருந்தது, சுவர்தான் இல்லை. (இது என் வார்த்தை, அவருடையது அல்ல.)

பிறகு சொந்தத்திலேயே எட்டாவது முடித்த பையன் ஒருவனைப் பிடித்தார். கரும்பலகை, சாக்பீஸ், சோலார் விளக்கு எல்லாம் ஒட்டகத்தின் மேல். சம்பளம் போனிலேயே 'ஜாத்' என்கிற மொபைல் பணமாகப் போகும். ஆடு திரும்பிய பிறகுதான் வகுப்பு. அவர் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பெரிய பையன்கள் ஒட்டகத்தோடு வாரக்கணக்கில் தூரம் போய்விடுவார்கள். ஆடு மேய்க்கும் பெண் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் வீடு வந்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டி முதலில் படித்தது அவர்கள்தான்.

*

உங்கள் பதிவைப் படித்ததும் நைரோபியில் என்னோடு வேலை பார்த்த சோமாலியப் பெரியவர் ஞாபகம் வந்தார். 1972இல் சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்தை முடிவு செய்தார்கள். 1974இல் உயர்நிலைப் பள்ளிகளை மூடி, மாணவர்களையே மேய்ச்சல் வெளிக்கு வாத்தியாராக அனுப்பினார்கள். 'தெரிந்தால் சொல்லிக்கொடு, தெரியாவிட்டால் கற்றுக்கொள்' என்பது அப்போதைய முழக்கம். இவரும் போனவர். அந்த நேரம் பார்த்துப் பெரும் வறட்சி. "சாக்பீஸை வைத்துவிட்டு நிவாரண அரிசி அளந்தேன்" என்பார். தனக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுத்த கிழவிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததை மட்டும் விடாமல் சொல்வார்.

*

அண்ணே, உங்கள் டாக்ஸிக்காரர் கட்டிய அந்த இரண்டு அறை என்ன ஆச்சு?

*

வைக்கோல் அடுக்கியிருக்கிறார்களாம் தம்பி. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜிலால் வந்தால் ஒரு அறையைக் காலி பண்ணிப் பரீட்சை வைக்கிறார்கள்.