என்ஜின்எக்ஸில் கேஷ் போட்டும் எல்லாமே மிஸ்! சர்வர் லோடு குறையவில்லை

கேட்டவர்:
பிஎச்பியில் எழுதிய ஒரு வெப் சர்வீஸ். பொருள் பட்டியலை ஜேசனாகத் தரும். யார் கேட்டாலும் ஒரே பதில்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் வரை போய் வருகிறது. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து, வெற்றிகரமாக வரும் (நிலைக்குறியீடு 200) பதில்களை 10 நிமிடம் கேஷ் செய்யச் சொல்லியிருக்கிறேன், அதாவது சேமித்து வைத்து அதையே திரும்பத் தரும்படி. பதில் கேஷிலிருந்து வந்ததா (ஹிட்), பிஎச்பியிடம் போய் வந்ததா (மிஸ்) என்று காட்டும் அப்ஸ்ட்ரீம் கேஷ் நிலையை லாகில் எழுத வைத்துப் பார்த்தால் ஒரு ஹிட் கூட இல்லை. இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

பதில் 1:
கெட் (தகவலைக் கேட்டு வாங்கும்) கோரிக்கைதானே? போஸ்ட் (தகவலை அனுப்பும் கோரிக்கை) என்றால் இயல்பாகக் கேஷ் ஆகாது. கெட்தான் என்றால், என்ஜின்எக்ஸை விட்டுவிட்டு பிஎச்பியிடம் நேரடியாகக் கேட்டு, பதிலோடு வரும் ஹெடர்களை (பதிலைப் பற்றிய குறிப்பு வரிகளை) இங்கே போடுங்கள்.

கேட்டவர்:
கெட்தான். செட்-குக்கி வருகிறது. கேஷ்-கன்ட்ரோலில் நோ-ஸ்டோர், நோ-கேஷ். எக்ஸ்பயர்ஸில் 1981 நவம்பர் 19 என்று இருக்கிறது! இதை நான் எங்கேயும் எழுதவே இல்லை.

பதில் 2:
செட்-குக்கி, கேஷ்-கன்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ் மூன்றையும் கண்டுகொள்ளாதே என்று என்ஜின்எக்ஸில் ஒரு வரி போடுங்கள். முடிந்தது வேலை.

பதில் 1:
அய்யோ, அதை மட்டும் அப்படியே செய்துவிடாதீர்கள். முதலில் வந்தவரின் செஷன் குக்கியும் (அவர் யார் என்று சர்வர் அடையாளம் காணும் குறி) பதிலோடு சேர்ந்து கேஷில் உட்கார்ந்துவிடும். அடுத்து வருகிற அத்தனை பேருக்கும் அதே குக்கி போகும். ஒருவர் கணக்கில் இன்னொருவர் நுழைந்து நிற்பார். அந்த ஹெடரை மறைத்தும் விட்டால் தப்பிக்கலாம், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை.

அந்த 1981 தேதிதான் துப்பு. பிஎச்பியில் செஷனைத் தொடங்கினாலே அந்த மூன்று ஹெடர்களும் தானாக வரும். பதிலிலேயே இப்படி இருந்தால் உங்கள் 10 நிமிடக் கணக்கை என்ஜின்எக்ஸ் மதிக்காது. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒரு கோப்பில் செஷன் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். இந்தச் சர்வீஸுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டு, மேக்ஸ்-ஏஜ் 60 (60 விநாடி கேஷில் வைக்கலாம்) என்று நீங்களே அனுப்புங்கள்.

கேட்டவர்:
அதேதான், பொதுக் கோப்பில் முதல் வரியே செஷன். எடுத்ததும் ஹிட் கொட்டுகிறது! ஆனால் இப்போது நிமிடத்துக்கு ஒரு முறை சிபியு குபீரென்று ஏறி இறங்குகிறது. இது என்ன புதுக் கூத்து?

பதில் 3:
60 விநாடி முடிந்த அந்தக் கணத்தில் வருகிற எல்லாரும் ஒரே நேரத்தில் பிஎச்பிக்கு ஓடுகிறார்கள். பழைய பதிலைக் கொடுக்கும் அமைப்பில் 'அப்டேட்டிங்' சேருங்கள். ஒருவர் புதிது எடுத்து வரும்வரை மற்றவர்களுக்குப் பழையது போகும். பேக்கிரவுண்ட் அப்டேட்டையும் போட்டால் அந்த ஒருவரும் காத்திருக்க வேண்டாம். கேஷ் லாக் வேறு விஷயம், கேஷில் இதுவரை இல்லாத பதிலுக்கு அது. காலிக் கேஷோடு தொடங்கும்போது உதவும், அதையும் வையுங்கள்.

கேட்டவர்:
மூன்றும் போட்டாயிற்று, கிராஃப் சமமாகிவிட்டது. மிச்சம் இருக்கும் மிஸ்களைப் பார்த்தால், எங்கள் மொபைல் ஆப் ஒவ்வொரு கோரிக்கையின் யூஆர்எல்லிலும் அப்போதைய நேரத்தைச் சேர்த்து அனுப்புகிறது, அதனால் ஒவ்வொன்றும் தனி யூஆர்எல். கேஷ் கீயிலிருந்து (கேஷில் ஒரு பதிலைத் தேடும் அடையாளத்திலிருந்து) அதை நீக்கப் போகிறேன். நன்றி நண்பர்களே.

பதில் 1:
பக்க எண், வடிகட்டி எல்லாம் கீயில் இருக்கட்டும். யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின் வரும் மொத்த வினவலையும் வெட்டிவிட்டால் இரண்டாம் பக்கம் கேட்டவருக்கும் முதல் பக்கமே வரும்.