நாச்சியார்கோவிலில் நினைக்காமல் வாங்கிய மூணடி குத்துவிளக்கு: வெச்சுக்கலாமா, திருப்பிடலாமா?

பவானிக்கரை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கும்பகோணம் பக்கம் கோயிலுக்குப் போயிருந்தோம். நாச்சியார்கோவில்ல கல் கருடனைக் கும்பிட்டுட்டு, நாத்தனார் பொண்ணு கல்யாணச் சீருக்கு ஒரு ஜோடி சின்ன விளக்கு எடுக்கலாம்னு ஒரு கடைக்குப் போனோம். எடுத்து பில்லும் போட்டாச்சு. கிளம்பற நேரத்துல பார்த்தா, பின்கட்டுப் பட்டறையில ஒருத்தர் அன்ன விளக்கு ஒண்ணுக்கு அரம் போட்டுட்டு இருந்தாருங்க. பக்கத்துல போய் அன்னத்தோட கழுத்தைத் தடவிப் பார்த்தேன். அதுக்கப்புறம் விலை கேக்கக்கூடத் தோணலீங்க, "இதையும் எடை போடுங்க"ன்னுட்டேன். ஒம்போது கிலோ சொச்சம். ஃப்ரிட்ஜ் மாத்தறதுக்கு ஒதுக்கி வெச்ச பணத்துல பெரும்பகுதி அதுலயே போயிருச்சு.

எங்க வீட்டுக்காரர் கோவிக்கலீங்க. ஆனா "ரெண்டு ரூம் பிளாட்ல இதை எங்க வெக்கறது, கடையில பேசி எடைக்கு எடை திருப்பிக் குடுத்தரலாம்"ங்கறாரு. எனக்குக் குடுக்க மனசே வரலீங்க. எங்க அம்மா வீட்டுல இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு, பாகம் பிரிக்கறப்ப வேற கைக்குப் போயிருச்சு.

இது முழுக்கப் பித்தளைதானான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது? ஏத்தி வெச்சா தட்டுக்கு அடியில எண்ணெய் கசியுது. அது குறையா, எல்லா விளக்கும் அப்படித்தானா?

மிளகுசாதம்:
மனசுக்குப் பிடிச்சதுன்னு புரியுது. ஆனா ஃப்ரிட்ஜ்க்கு வெச்ச பணம் ஃப்ரிட்ஜ்க்குத்தான். கோடை வரப்போகுது, குழந்தைங்க இருக்கற வீடுன்னா இன்னும் யோசிக்கணும். பெரிய பொருள் எதுவானாலும் நான் போட்டோ எடுத்துக்கிட்டு கடையை விட்டு வெளியே வந்துடுவேன். ஒரு காபி குடிச்சப்புறமும் கால் அந்தக் கடைக்கே திரும்பினா மட்டும் வாங்குவேன். இப்பவும் காலம் கடந்துடல, கேட்டுப் பாருங்க.

குடந்தைவண்டல்:
அக்கா, எனக்கு நாச்சியார்கோவிலுக்குப் பக்கத்து ஊர். தாய்மாமா வீடு பட்டறை வீடு, லீவு விட்டா அங்கேதான் கிடப்பேன். திருப்பிக் கொடுக்காதீங்க. எடைக்கு எடைன்னு சொல்றது சுலபம். திரும்பி வர்ற விளக்குக்குப் பழைய பித்தளை விலைதான் போடுவாங்க. நீங்க கொடுத்ததுல கைவேலைக்கும் ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கு தராசுல ஏறாது.

அந்த வேலையைச் சொல்றேன். காவிரி வண்டல் மண்ணைச் சலிச்சு, ஈரம் பார்த்துப் பெட்டியில அடைச்சு, அச்சைப் பதிச்சு எடுப்பாங்க. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உருக்கை அந்தக் குழியில ஊத்துவாங்க. ஈரம் கொஞ்சம் கூடிட்டாலும் வார்ப்பு பொத்தல் விழுந்துடும், மறுபடி உருக்கணும். பாதம், தண்டு, தட்டு, உச்சியில அன்னம்னு தனித்தனியா வார்த்து, கடைசல் பிடிச்சு, அரம் போட்டு, மரையால பூட்டுவாங்க. எங்க மாமா அன்னத்தோட அலகுல மட்டும் வேற யார் கையையும் பட விடமாட்டார். நீங்க தடவின கழுத்து வளைவும் அப்படி ஒருத்தரோட கை. அடுத்த பட்டறைக்குப் போனா வளைவு வேற மாதிரி இருக்கும். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கறது எங்களுக்கெல்லாம் பெரிய பெருமை.

இப்ப உங்க சந்தேகம். விளக்கைக் கழட்டி, பாதத்தைக் கவுத்து உள்பக்கம் பாருங்க. மணல் பதிஞ்ச சொரசொரப்பு இருந்தா மண் வார்ப்பு. அரக்கோ சிமெண்டோ அடைச்சிருந்தா எடை ஏத்தறதுக்காகச் செஞ்சது. காந்தம் வெச்சுப் பாருங்க, பித்தளையில ஒட்டாது. ஒட்டினா உள்ளே இரும்பு. தட்டைத் தனியா எடுத்து விரலால சுண்டுங்க, ஓசை இழுத்து நிக்கணும். டொக்குனு அடங்கிட்டா எங்கேயோ விரிசல்.

எண்ணெய் பெரும்பாலும் மரை வழியாத்தான் இறங்கும். நல்லாத் துடைச்சுட்டு, பருத்தி நூலைப் பூட்டற திசையிலேயே மரை மேல சுத்தி இறுக்குங்க. அப்பவும் நிக்காம தட்டோட உடம்புலேர்ந்தே கசிஞ்சா அது வார்ப்புல இருக்கற துளை. அதுக்கு மட்டும் பில்லோட கடைக்குப் போங்க, மாத்தித் தரச் சொல்லுங்க. "விற்ற பொருள் வாபஸ் இல்லை"ன்னு பில்லுல அச்சடிச்சிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இடம் இல்லேங்கறதும் ஒரு காரணமில்லக்கா. நாலு துண்டா கழட்டித் துணியில சுத்தினா அலமாரி அடித்தட்டு போதும். நல்ல நாளைக்கு எடுத்துப் பூட்டிக்கலாம்.

பவானிக்கரை:
ரொம்ப நன்றிங்க தம்பி. காந்தம் ஒட்டலீங்க, பாதத்துக்குள்ள நீங்க சொன்ன சொரசொரப்பு அப்படியே இருக்கு. நூல் சுத்தி ராத்திரி பூரா தட்டுல எண்ணெய் விட்டு வெச்சேன், காலையில அடியில ஒரு பொட்டுக்கூட இல்லீங்க. மிளகுசாதம் சொன்னதும் நியாயந்தான். வீட்டுக்காரர்கிட்ட உக்காந்து பேசிட்டேன், ஃப்ரிட்ஜைத் தவணையில எடுத்துக்கறோம். விளக்கு எங்ககிட்டயே இருக்கட்டும்.

துலக்கறதுக்குப் புளி போதுங்களா? புளியைப் பூசி ஒரு மணி நேரம் ஊற விடச் சொல்றாங்க பக்கத்து வீட்டுல.

குடந்தைவண்டல்:
ஊற விடவே கூடாதுக்கா. புளியானாலும் எலுமிச்சையானாலும் தேய்ச்ச கையோட கழுவிடணும். புளிப்பு ரொம்ப நேரம் நின்னா துத்தநாகம் கரைஞ்சு, செம்பு மேல வந்து அங்கங்க சிவப்பு தட்டும். அதைப் போக்கறது பெரும்பாடு. முதல்ல பழைய துணியால எண்ணெய்ப் பிசுக்கை வழிச்சுடுங்க, அப்புறம் புளி. கம்பி நார் வேண்டாம், தேங்காய் நார் போதும். அன்னத்தோட இறகு வரிக்குள்ள பழைய பல் பிரஷ்ஷை விடுங்க. கழுவினதும் ஈரம் போகத் துடைச்சு, காய்ஞ்ச துணியில திருநீறு தொட்டு ஒரு தேய். எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை விளக்கைத் தேய்க்க மாட்டாங்க, வியாழக்கிழமை சாயங்காலமே துலக்கி வெச்சுடுவாங்க.

மரையில மட்டும் புளித்தண்ணி தங்காமப் பார்த்துக்கங்க. பச்சை பூத்துச்சுன்னா அடுத்த தடவை கழட்ட வராது.