பால் புகட்ட, சோறு கட்ட எதை வாங்கினீர்கள்? அனுபவப் பகிர்வு

பெருந்துறை

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பால் புட்டி, சிப்பர் (மூக்கு வைத்த மூடிக் கோப்பை), டப்பா என்று ஒரம்பரை ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விளம்பரத்தில் பார்த்தது வேண்டாம். கையில் வைத்துப் புழங்கியதை, கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

கோபி, பாத்திரக்கடை

அப்பா காலத்திலிருந்து கோபிசெட்டிபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். சரக்கில் பாதிக்கு மேல் திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளிலிருந்து வரும். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு அம்மாயி பேரனுடைய சிப்பரைக் கொண்டுவந்து, "இதுல பால் சரியா வரமாட்டீங்குதுங்க, உள்ள இருக்கற ரப்பர் மட்டும் தனியாக் கிடைக்குங்களா?" என்று கேட்டார். வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது. மூக்குக்கு அடியில் இருந்த வால்வை ஊசியால் நெம்பி எடுத்தேன். அது உட்கார்ந்திருந்த பள்ளம் முழுக்கக் கறுப்பாக ஒரு வளையம், கூடவே புளித்த பால் நாற்றம். "மக தினமும் கொதிக்க வெச்சுத்தானுங்க குடுக்கறா" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பால் பிசுக்கு ஒட்டியிருக்கும் இடத்தைத் தேய்த்துக் கழுவாமல் கொதிநீரில் போட்டால் அழுக்கு அப்படியே வெந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் சோப்புப் போட்டுப் பிரஷால் தேய்க்க வேண்டும். கொதிக்க வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதிலிருந்து யார் சிப்பர் கேட்டாலும் அவர்கள் முன்னாலேயே அக்கக்காகக் கழற்றிக் காட்டுகிறேன். எத்தனை துண்டாக வருகிறது, ஒவ்வொன்றிலும் விரலோ சின்ன பிரஷோ நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் அது எவ்வளவு விலை உயர்ந்த சாமானாக இருந்தாலும் வாங்காதீர்கள். உறிஞ்சு குழாய் வைத்தது என்றால் குழாய்க்கான மெல்லிய பிரஷும் கூடவே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சின்ன எவர்சில்வர் டம்ளரே போதும். மடியில் உட்கார வைத்து விளிம்பை உதட்டில் தொட்டுக் கொடுத்தால் கொஞ்ச நாளில் பழகிவிடும். முதலில் பாதி சட்டையில் ஊற்றும், ஊற்றட்டும்.

அடுத்தது காந்தம். "ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்" என்று நம்பிப் பையிலேயே காந்தம் கொண்டுவருகிறார்கள். நல்ல எவர்சில்வரான 304 ரகத்திலும் ஒட்டாது, விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. 304-இல் குரோமியம் ஏறக்குறைய 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்ப்பார்கள். தண்ணீர், அரிசி, பருப்பு வைக்க அது ஆகும். ஊறுகாய், புளிக்குழம்பு, உப்புக் கரைசல் என்று நாள்கணக்கில் வைத்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதனால் குழம்பு டப்பாவுக்கு 304 என்று அடியில் அச்சடித்ததாகக் கேட்டு வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-இல் ஆணை போட்டது, அதையும் பாருங்கள். இன்னொன்று, டப்பாவின் வாய் விளிம்புக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். தகட்டைச் சுருட்டி மடித்து, மடிப்பை மூடாமல் விட்டிருந்தால் அதற்குள் தண்ணீரும் சோற்றுத் துணுக்கும் தங்கிவிடும்.

பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், சூடு தாங்கும். 1 என்பது தண்ணீர் பாட்டில் ரகம், சூடாக எதையும் ஊற்றக் கூடாது. 7-இல் பலதும் அடங்கும், பாலிகார்பனேட் உட்பட. அந்தப் பாலிகார்பனேட்டிலிருந்துதான் பிபிஏ என்ற வேதிப்பொருள் கசியும். பால் புட்டியில் அதை ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2012-லும் தடை செய்தார்கள். நம் ஊரிலும் 2015-இல் வந்த தர விதி அதை விலக்கிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூத்த பிள்ளைக்கு வாங்கியது, அக்கா பிள்ளைக்கு வாங்கியது என்று அட்டாலியிலிருந்து பழைய புட்டியை இறக்குகிறோம். தயவுசெய்து வேண்டாம். கீறல் விழுந்தது, மங்கலானது எதையும் குழந்தை வாயில் வைக்காதீர்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி

நான் செக்கிங் செக்‌ஷன். 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த மனமில்லை. பீய்ச்சி வைத்துவிட்டுப் போகிறேன், அத்தை கொடுக்கிறார்.

பீய்ச்சிய பால் வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது 25 டிகிரி வரைக்கும்தான். சித்திரை மாதம் திருப்பூரில் நடு ராத்திரியில் கூட 25 டிகிரி கிடைக்காது. அதனால் பீய்ச்சியதும் நேராகக் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். உள்ளே பின்பக்கம் வைக்கிறோம். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும். பின்பக்கம் வைத்தால் நான்கு நாள் வரை கொடுக்கலாம், நாங்கள் அவ்வளவு தள்ளுவதில்லை. ஒரு வேளைக்கு ஆகும் அளவாக 60 மில்லி போல ஊற்றி, மூடியில் தேதி எழுதி ஒட்டிவிடுவேன். பழையது முதலில். கம்பெனியில் பீய்ச்சுவதை ஐஸ் பை போட்ட சின்னக் கூடையில் கொண்டுவருகிறேன். கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை நிறுத்தினால் போதும். அடுப்பில் ஏற்றவே கூடாது.

அத்தை புகட்டுவது பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில். அரசு மருத்துவமனை நர்ஸம்மா முதல் நாளே "புட்டியப் பழக்காதீங்க, சங்கோ பாலாடையோ போதும்" என்று சொல்லிவிட்டார். குழந்தை பார்க்க வந்தவர்கள் வெள்ளிச் சங்கு கொண்டுவந்தார்கள். அழகுதான். ஆனால் பூ வேலைப்பாட்டுக்குள்ளும் மூக்கு ஒட்டிய பற்றாசு இடுக்கிலும் பால் காய்ந்து நிற்கிறது, நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருகிறது. அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரே தகட்டில் அடித்த எவர்சில்வர் பாலாடை வாங்கினோம். விளிம்பை நம் உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும், பிசிறு இருந்தால் பிஞ்சு வாயைக் கிழிக்கும்.

பிரசவம் முடிந்து வந்த வாரம், ஒரு கடையில் பிள்ளைச் சாமான் வாங்கியதற்கு இலவசம் என்று பால் புட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பால் புட்டியையும் பால் பவுடரையும் விளம்பரம் செய்யக் கூடாது, இலவசமாகக் கொடுத்துப் பழக்கக் கூடாது என்று 1992-லேயே சட்டம் இருக்கிறது, 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். பச்சை உடம்புக்காரி, பால் ஊறுமா ஊறாதா என்று பயந்து கிடக்கும் நேரத்தில் கையில் புட்டியைத் திணிப்பது சின்ன விஷயம் இல்லை.

கரூர்

என் தம்பி குழந்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து பவுடர் பால். பழனிக்குப் பஸ்ஸில் போகும்போது பாலைக் கலந்து பிளாஸ்கில் ஊற்றி எடுத்தார்கள். இளஞ்சூட்டிலேயே கிடக்கும் பாலில்தான் கிருமி பெருகும். இறங்குவதற்குள் பிரிந்துவிட்டது, நல்லவேளை கண்ணில் பட்டது. பிளாஸ்கில் கொதித்த வெந்நீர் மட்டும், அளந்த பவுடர் தனி டப்பாவில். 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் குடிக்காத மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

காங்கேயம்

சத்துமாவு பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முளைகட்டிய ராகி, பச்சைப்பயறு, நிலக்கடலை சேர்த்து அரைப்போம். மில்லிலிருந்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்துக் கட்டி கட்டியாகிவிடும். வேட்டித் துணியில் பரப்பி நன்றாக ஆறிய பிறகுதான் எவர்சில்வர் தூக்கில் போடுவோம், அதுவும் ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு. ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள், வறுத்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். அந்தப் பூசண நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பள்ளிக்கூடம் போகிற பெரியவனுக்கு அரிசிம்பருப்பு சாதம் எவர்சில்வர் டப்பாவில்தான். பொம்மை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் முறுக்கும் மாவுருண்டையும் போகட்டும், கொதிக்கிற சோறு வேண்டாம்.

பெருந்துறை

எல்லோருக்கும் நன்றிங்க. எங்க ஆத்தா வைத்திருந்த பித்தளைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதில் பால் காய்ச்சிக் கொடுக்கலாம் என்று அம்மா சொல்கிறார். கோபி அண்ணா, கொடுக்கலாமா?

கோபி, பாத்திரக்கடை

பாலுக்கு வேண்டாம் அம்மிணி. உள்பக்க ஈயப்பூச்சான கலாய் போன பித்தளையில், செம்பில் பாலைக் காய்ச்சி வைத்தால் செம்பு பாலில் இறங்கும். முன்பெல்லாம் நம் நாட்டில் கைக்குழந்தைகளுக்கு வந்த ஒரு கொடிய ஈரல் நோய்க்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தப் பாத்திரங்களின் புழக்கம் குறைந்த பிறகு நோயும் அரிதாகிவிட்டது. கலாய் பூசிவிட்டால் ஆகுமே என்பீர்கள். சுத்தமான வெள்ளீயத்தில் பூசினாரா, காரீயம் கலந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கிண்ணத்தைப் புளி போட்டு விளக்கிச் சாமி அறையில் வையுங்கள். பால் காய்ச்ச, அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.