கறுப்புத் தோலுக்கு எந்த சென்ட் எடுபடும்?

மூணாங்கிளாஸ் டீச்சர்:
தங்கை கல்யாணத்துக்கு சென்ட் வாங்கப் போனேன். கடைப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க ஸ்கின் டோனுக்கு பூ வாசனையெல்லாம் எடுபடாது மேடம், ஊத் எடுங்க" என்றாள். ஊத் என்றால் அகில் மர வாசனை. நான் நல்ல கறுப்பு. காகிதப் பட்டையில் அடித்துக் காட்டினாள், நன்றாகத்தான் இருந்தது. 3,800 ரூபாய். வீட்டுக்கு வந்து கையில் அடித்தேன். இரண்டு மணி நேரத்தில் எனக்குத் தலைவலி. மாமியார் வேறு, "எங்கேயோ ரப்பர் எரியுது, பாரு" என்கிறார்.

இதற்கு முன் வாங்கிய பூ வாசனை சென்டெல்லாம் இரண்டாவது பீரியட் முடிவதற்குள் போய்விடும். தோல் ரொம்ப வறட்சி, நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். உண்மையிலேயே நிறத்துக்கும் வாசனைக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

பல்லாவரம் பாலு:
எனக்கு "நீங்க ஃபேர், சிட்ரஸ்தான்" என்று தள்ளிவிட்டார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் காலி. தோலில் நிற்கவில்லையென்றால் துணியில் அடியுங்கள்.

அத்தர்க்கடை மருமகன்:
திருவல்லிக்கேணியில் மாமாவின் அத்தர் கடையில் பதினோரு வருஷம் நின்றவன் நான். நிறம் பார்த்து அவர் ஒருநாளும் பாட்டிலைத் திறந்ததில்லை. வாடிக்கையாளரின் புறங்கையைத் தொட்டுப் பார்ப்பார். எண்ணெய்ப் பசை இருக்கிறதா, வேர்வை ஈரமா, வறண்டு கிடக்கிறதா, அவ்வளவுதான். ஒரு சொட்டு தடவிவிட்டு, "போய் டீ குடிச்சிட்டு வாங்க, காசு அப்புறம்" என்பார். பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். அதற்காக அவர் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அந்த டீயில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்ப்ரே அடித்ததும் வருகிற எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனை கால் மணி, அரை மணியில் பறந்துவிடும். பிறகு பூ வரும். கடைசியில் தங்குவது மரம், கஸ்தூரி, பிசின் வகை. நாள் முழுக்க நீங்கள் கூடவே வைத்திருக்கப் போவது இந்தக் கடைசி வாசனையைத்தான், கடையில் முகர்ந்ததை அல்ல. காகிதத்துக்கு உடம்புச் சூடும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. அதில் முகர்ந்து வாங்குவது பெண்ணின் போட்டோவை மட்டும் பார்த்துக் கல்யாணம் முடிப்பது மாதிரி.

பொன்னிற முடிக்கு ஒரு வாசனை, கருங்கூந்தலுக்கு ஒரு வாசனை என்பது வெள்ளைக்காரர்களின் பழைய அழகுக் குறிப்புப் பேச்சு. இங்கே எல்லோருக்கும் கருங்கூந்தல் என்பதால் தோலைப் பிடித்துக்கொண்டார்கள் போல. கறுப்பான பெண்ணுக்கு மல்லிகை எடுபடாது என்று நம் ஊரில் ஒரு பூக்காரி சொல்வாளா?

உங்கள் பிரச்சினை வறட்சி. குளித்ததும் ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசனையில்லாத க்ரீமோ வாஸ்லினோ தடவி, அதன்மேல் போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதற்கே தனி வாசனை உண்டு. பாட்டிலில் ஈடிடி (EDT, ஓ டி டாய்லெட்) என்றிருந்தால் வாசனைச் சரக்கு சுமார் 5 முதல் 15 சதவீதம். ஈடிபி (EDP, ஓ டி பர்ஃப்யூம்) என்றால் 15 முதல் 20. இரண்டிலும் மீதி பெரும்பாலும் ஆல்கஹால்தான்.

அத்தரில் ஆல்கஹாலே இல்லை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செப்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சந்தனம் விலையேறிய பிறகு பாரஃபின் எண்ணெயில் இறக்குகிறவர்கள் அதிகம். ஐம்பது ரூபாய்க்குச் "சுத்த ரோஜா அத்தர்" என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

உங்களுக்கு வெட்டிவேர் சொல்வேன். அடிவாசனை வகை, மெதுவாகத்தான் ஆவியாகும், வறண்ட தோலிலும் நிற்கும். ஒரு விஷயம்: அரை மணியில் உங்கள் மூக்குக்கு அது பழகிப்போகும். போய்விட்டது என்று நினைத்து மறுபடி பூசாதீர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். கல்யாணத்தன்று எதுவும் வேண்டாம். தலையில் நாலு முழம் மல்லி இருக்குமே, அதோடு எது போட்டி போடும்?

கடலோரக் கவிதா:
நிறத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கழுத்தில் கொலோன் தெளித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கடற்கரையில் இருந்தேன். அது வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடுகள் விழுந்தன. பெர்கமாட் என்கிற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயில் இருக்கிற பெர்காப்டென் என்ற பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடுமாம். இப்போதெல்லாம் பெரும்பாலும் அதை நீக்கித்தான் சேர்க்கிறார்கள், என்னுடையது பழைய பாட்டில். நம் மாதிரித் தோலில் அந்தக் கறை லேசில் போகாது, எனக்கு எட்டு மாதம். வெயிலில் போகும் நாளில் கழுத்தில் வேண்டாம். புது சென்டை முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள்.

பாலு, பட்டுப் புடவையில் மட்டும் அடிக்கச் சொல்லிவிடாதீர்கள், கறை பிடிக்கும்.

மூணாங்கிளாஸ் டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. வெட்டிவேர் அத்தர் 3 மில்லி வாங்கினேன். காலை ஏழரைக்கு வாஸ்லின் மேல் ஒரு சொட்டு. பத்து மணிக்கே போய்விட்டது என்று நினைத்தேன். கடைசி பீரியடில் நோட்டு காட்ட வந்த பையன், "டீச்சர், உங்க மேல எங்க ஆயா வீட்டுப் பானைத் தண்ணி வாசனை வருது" என்றான்.

ஊத் பாட்டிலைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவன் மேல் அவ்வளவு நன்றாக இருக்கிறது, மாமியாரே கேட்டுவிட்டார் என்ன சென்ட் என்று. எங்கள் வீட்டிலேயே சிவப்பு அவன்தான்.