ஈசிங்டன் காலியரி: மூடின சுரங்கத்து ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

சிங்காநல்லூரான்:
பெண் இங்கிலாந்தில் டர்ஹமில் படிக்கிறாள். ஜூலையில் நானும் வீட்டுக்காரியும் போகிறோம். கதீட்ரலைப் பார்க்க எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பக்கத்திலிருக்கும் நிலக்கரி ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை. அப்பா மில் தொழிலாளி, மில் மூடின பிறகும் லைன் வீட்டிலேயே வளர்ந்தவன் நான். சங்கு ஊதாத ஊர் எப்படியிருக்கும் என்று தெரியும். ஈசிங்டனில் ஏதாவது மிச்சம் இருக்குங்களா?

பெருந்துறைக்காரன்:
அந்தப் பக்கம் நாலு வருசம் வேலை பார்த்தேனுங்க. சுரங்கத்தைத் தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். 1993 மே மாதம் மூடி, கட்டடங்களை இடித்துவிட்டார்கள். இப்போது வெறும் புல்மேடு. ஆட்களை ஏற்றி இறக்கிய இரும்புக் கூண்டு ஒன்று மட்டும் மேட்டில் நிற்கிறது.

1899இல் குழி வெட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். தண்ணீர் பீறிட்டுக்கொண்டே இருந்ததால் முதல் கரி வெளியே வர 1910 ஆகிவிட்டது. நாம் கிணறு வெட்டித் தண்ணீர் வரலையே என்று அழுவோம். அவர்கள் வந்துவிட்டதே என்று அழுதிருக்கிறார்கள்! அப்புறம் கடலுக்கு அடியிலேயே மைல்கணக்கில் தோண்டிப் போனார்கள். கழிவைக் கொட்டியது கடற்கரையில். பிறகு சுத்தம் செய்தார்கள், ஆனாலும் நான் நடந்துவிட்டு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸில் கறுப்பு.

தெருக்களையும் விட்டுவிடாதீர்கள். செங்கல் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, நம்ம லைன் வீடேதான். கம்பெனி வைத்த பெயர்கள் பாருங்கள், ஒரு பகுதியில் எல்லாத் தெருவும் ஏ எழுத்தில், இன்னொன்றில் பி. தபால்காரர் பாவம்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். 1951 மே 29 விடிகாலையில் சுரங்கத்துக்குள் வெடித்தது. கரி வெட்டும் மெஷினின் பல் பைரைட் கல்லில் உரசித் தீப்பொறி, அது சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயுவில் பற்றி, கரித்தூளில் பரவிவிட்டது. ஷிப்ட் மாறும் நேரம் என்பதால் இரண்டு செட் ஆட்களும் உள்ளே. 81 பேர் இறந்துபோனார்கள், மீட்கப் போன இருவரும் சேர்ந்து 83.

ப்ளோரூம் மேஸ்திரி:
இடையில் வருவதற்கு மன்னிக்கணும். நூல் மில்லில் பஞ்சைச் சுத்தம் செய்யும் ப்ளோரூமில் எங்களுக்கும் இதே பயம்தான். பேலுக்குள் (பஞ்சுப் பொதி) ஒரு ஆணி கிடந்து, பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டரில் பட்டால் போதும், பஞ்சு குபீரென்று பிடிக்கும். அதற்காகவே பஞ்சு போகும் வழியில் காந்தம் வைத்திருப்போம். மீத்தேனும் சேர்ந்தால்... நினைக்கவே முடியவில்லை.

சிங்காநல்லூரான்:
84இல் பிரிட்டனின் நிலக்கரித் தொழிலாளர்கள் செய்த ஸ்டிரைக்கில் இந்த ஊரும் இருந்ததா?

பெருந்துறைக்காரன்:
இருந்ததாவா! 1984 மார்ச்சிலிருந்து ஒரு வருசம். பெண்கள் ஒன்றுசேர்ந்து ஊருக்கே சமைத்துப் போட்டார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி அதைச் சொல்லும்போது ஸ்டிரைக்கை விட உருளைக்கிழங்கு உரித்த கதைதான் அதிகம் வரும்.

முடிந்தால் ஜூலை இரண்டாம் சனிக்கிழமை டர்ஹமில் இருங்கள். 1871இலிருந்து நடக்கும் சுரங்கத் தொழிலாளர் விழா. மூடிப்போன சுரங்கங்களின் பட்டுக்கொடிகள்கூட பேண்டு வாத்தியத்தோடு வரும். கும்பலுக்கு நம்ம தேர்த் திருவிழா தோற்றுவிடும் (கொஞ்சம் மிகைதான்).

சிங்காநல்லூரான்:
சரிங்க, டிக்கெட்டை மாற்றச் சொல்கிறேன். கூண்டு நிற்கும் மேட்டில் காற்று பலமா? வீட்டுக்காரிக்குக் குளிர் ஆகாது.

பெருந்துறைக்காரன்:
ஜூலைதானே என்று நினைக்காதீர்கள். ஸ்வெட்டரும் காதுக்கு மஃப்ளரும் எடுத்துக்கங்க.