ஓப்பன்எஸ்எஸ்எல் வெரிஃபை கால்பேக்: எது வந்தாலும் 1 திருப்பினால் ஓடுகிறது, அப்படியே விடலாமா?

குளிர்பெட்டி எழுதியது:

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் மீன் குளிர்க்கிடங்குகளுக்கு வெப்பநிலை அளக்கும் சின்னப் பெட்டிகள் செய்கிறோம். உள்ளே ராஸ்பெர்ரி பை 3. 30 நொடிக்கு ஒரு முறை அளவெடுத்து, டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு) வழியாக 8883 போர்ட்டில் எங்கள் எம்க்யூடிடி சர்வருக்கு (சின்னக் கருவிகளின் செய்திகளை வாங்கிக்கொள்ளும் சர்வர்) அனுப்பும். நிரல் சி மொழியில் நான் எழுதியது. டிஎல்எஸ் வேலைக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 லைப்ரரி. மொத்தம் 14 பெட்டிகள்.

இந்த லைப்ரரியை நேரடியாகத் தொடுவது எனக்கு இதுதான் முதல் தடவை. எஸ்எஸ்எல்_சிடிஎக்ஸ்_செட்_வெரிஃபை-க்கு எஸ்எஸ்எல்_வெரிஃபை_பியர் (எதிர்முனையின் சான்றிதழைச் சரிபார்) கொடுத்து, கூடவே ஒரு கால்பேக்கும் (லைப்ரரி திருப்பி அழைக்கும் என் ஃபங்ஷன்) கொடுத்திருக்கிறேன். ரூட் சான்றிதழில் (சங்கிலியின் உச்சியில் நம்பப்படுவது) தொடங்கி சர்வரின் சான்றிதழ் வரை ஒவ்வொன்றாக அந்தக் கால்பேக் அழைக்கப்படும் என்று கையேட்டில் படித்தேன். லேப்டாப்பில் அப்படித்தான் வருகிறது. ஆழம் (சர்வர் சான்றிதழிலிருந்து எத்தனை படி மேலே) 2, 1, 0. மூன்றுக்கும் ப்ரீவெரிஃபை_ஓகே 1, அதாவது சரி.

பெட்டியில் ஓட்டினால் முதல் அழைப்பே ஆழம் 0, ப்ரீவெரிஃபை_ஓகே 0. அதை அப்படியே திருப்பினால் ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கப் பேச்சு) முறிந்துவிடுகிறது. என்ன வந்தாலும் 1 திருப்பு என்று மாற்றிப் பார்த்தேன். இப்போது ஆழம் 0 மூன்று தடவை வருகிறது, மதிப்பு 0, 0, 1. இணைப்பும் கிடைத்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை பெட்டிகளைப் பொருத்தப் போக வேண்டும். "அதான் ஓடுகிறதே, விடு" என்கிறார் மேலாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. கிடங்கில் மீன் கெட்டுப்போனால் இந்த எண்களை வைத்துத்தான் பேச்சே நடக்கும். ரூட்டைக் காட்டாமல் நேராக ஆழம் 0-வுக்கு ஏன் வருகிறது? 1 திருப்பினால் உண்மையில் எதை இழக்கிறேன்?

பழையமுனையம் எழுதியது:

மனசு ஒப்பாதது சரிதான், தம்பி. விடாதீர்கள்.

அந்தக் கால்பேக்கை "நீ சரிபார்த்துச் சொல்" என்று லைப்ரரி நம்மிடம் கேட்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சரிபார்ப்பதெல்லாம் லைப்ரரிதான். அதன் தீர்ப்புதான் ப்ரீவெரிஃபை_ஓகே. அந்தத் தீர்ப்பை ஏற்கிறாயா, தள்ளுகிறாயா என்பது மட்டும்தான் உங்களிடம் வரும் கேள்வி. எது வந்தாலும் 1 என்றால், எல்லாத் தீர்ப்பையும் முன்கூட்டியே தள்ளிவிட்டீர்கள் என்று அர்த்தம். மறையாக்கம் இருக்கும், ஆனால் யாரோடு பேசுகிறோம் என்பது தெரியாது. நடுவில் ஒருவர் தானே உருவாக்கிய சான்றிதழை நீட்டினாலும் உங்கள் பெட்டி அவரிடம் எம்க்யூடிடி கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும்.

ஆழம் 0 முதலில் வருவதற்குக் காரணம், ரூட் வரை சங்கிலியைக் கட்டவே முடியவில்லை என்பது. சங்கிலி முழுசாக இருந்தால்தான் 2, 1, 0 என்று இறங்கி வரும். கட்டும்போதே தடுக்கினால், எந்த இடத்தில் தடுக்கியதோ அங்கிருந்தே கால்பேக்கை அழைக்கும்.

ப்ரீவெரிஃபை_ஓகே 0 ஆக வரும்போது எக்ஸ்509_ஸ்டோர்_சிடிஎக்ஸ்_கெட்_எர்ரர் தரும் எண்ணையும், எர்ரர்_டெப்த்தையும் அச்சிட்டு இங்கே போடுங்கள். எண்ணைப் பார்க்காமல் பேசுவது காய்ச்சல் பார்க்காமல் மருந்து கொடுப்பது மாதிரி. இன்னொன்று, லேப்டாப்பும் பெட்டியும் ஒரே சர்வருக்குத்தான் போகின்றனவா?

குளிர்பெட்டி எழுதியது:

அண்ணா, அந்தக் கடைசிக் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். லேப்டாப் போவது சோதனை சர்வருக்கு. பெட்டி போவது நிஜ சர்வருக்கு. இரண்டும் ஒரே மாதிரி அமைத்தவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சிட்டதில் முதல் அழைப்பு 20, இரண்டாவது 21, இரண்டும் ஆழம் 0. லேப்டாப்பிலிருந்து நிஜ சர்வருக்குப் போனாலும் அதே 20, 21. அப்படியானால் பெட்டியில் குறை இல்லை. இரண்டு சர்வரிலும் லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு) சான்றிதழ்தான்.

பழையமுனையம் எழுதியது:

20 என்றால், இந்தச் சான்றிதழில் கையெழுத்திட்டவரின் சான்றிதழ் கைக்குக் கிடைக்கவில்லை. அதை நீங்கள் 1 போட்டுத் தாண்டியதும், கையெழுத்தைச் சரிபார்க்க வழியில்லை என்று 21. அதையும் தாண்டியதால் மூன்றாவதாக 1 வந்தது. அந்த மூன்றாவது 1-ஐ நம்பக் கூடாது. இணைப்பு முடிந்தபின் எஸ்எஸ்எல்_கெட்_வெரிஃபை_ரிசல்ட்டைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் 21 என்றுதான் சொல்லும்.

உங்கள் நிஜ சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்புகிறது, ரூட்டுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. செர்ட்பாட் (அந்தச் சான்றிதழை வாங்கித் தரும் நிரல்) போட்டுத்தரும் அடைவில் செர்ட்.பெம் (சர்வர் சான்றிதழ் மட்டும்), ஃபுல்செயின்.பெம் (இடைநிலையும் சேர்ந்தது) என்று இரண்டு கோப்புகள் இருக்கும். யாரோ முதலாவதை அமைப்பில் கொடுத்திருப்பார்கள். இரண்டாவதைக் கொடுத்து சர்வரை மறுபடி துவக்கச் சொல்லுங்கள். 1 திருப்புவதை மட்டும் பழையபடி ஆக்குங்கள், உங்கள் நிரலில் வேறு ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

இது ஏன் யார் கண்ணிலும் படாமல் போகிறது என்றால், உலாவிகள் விடுபட்ட இடைநிலையைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் முன்பே கையில் வைத்திருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் தானாகப் போய் எடுத்து வராது.

நூல்கண்டு எழுதியது:

கால்பேக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், சோதனைக்காக 1 திருப்பும் கால்பேக் ஒன்றை எழுதியவன் நான். "பிறகு மாற்று" என்று குறிப்புகூட எழுதி வைத்தேன். இரண்டு வருடம் கழித்து இன்னொருவர் வேறு எதையோ தேடும்போது அதைக் கண்டுபிடித்தார். அதுவரை வாடிக்கையாளர்களிடம் போன ஒவ்வொரு வெளியீட்டிலும் அது இருந்திருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குளிர்பெட்டி, ஹோஸ்ட் பெயரைச் சரிபார்க்கிறீர்களா? எஸ்எஸ்எல்_செட்1_ஹோஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, 1.1.0 பதிப்பிலிருந்து. அதை அழைக்காவிட்டால் சங்கிலி மட்டும்தான் பார்க்கப்படும், பெயர் பார்க்கப்படாது. அதாவது எந்த டொமைனுக்கோ முறையாக வாங்கிய சான்றிதழை உங்கள் சர்வர் என்று காட்டினாலும் கால்பேக்கில் எல்லாம் 1 என்றே வரும். சங்கிலியைச் சரிசெய்துவிட்டு இதை விட்டால் பாதி வேலைதான். அழைத்திருந்தால், பெயர் பொருந்தாதபோது அதே கால்பேக்குக்கு 62 என்ற எண் வரும். எஸ்என்ஐ-க்கான எஸ்எஸ்எல்_செட்_டிஎல்எஸ்எக்ஸ்ட்_ஹோஸ்ட்_நேம் வேறு. அது சர்வருக்குப் பெயரைச் சொல்லுமே தவிர எதையும் சரிபார்க்காது.

குளிர்பெட்டி எழுதியது:

செட்1_ஹோஸ்ட் போடவே இல்லை! எஸ்என்ஐ மட்டும் போட்டுவிட்டு அதுவே போதும் என்று இருந்தேன். சேர்த்துவிட்டேன். சர்வரில் ஃபுல்செயினுக்கு மாற்றியதும் பெட்டியிலும் 2, 1, 0 என்று அழகாக வருகிறது.

ஆனால் ஒரு பெட்டி மட்டும் வேறு பிழை சொல்கிறது. எண் 9, ஆழம் 0. சான்றிதழ் இன்னும் செல்லுபடி ஆகவில்லையாம். சோதனைக்காக ஒரு கிடங்கில் வைத்திருந்த பெட்டி அது. பத்து நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்து, நேற்றுத்தான் இணைத்தார்கள். 9-க்கு மட்டும் கால்பேக்கில் 1 திருப்பினால் தப்பா?

இன்னொரு சந்தேகம். பிழையைப் பெட்டி எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். கால்பேக்குக்குள் என் ஸ்ட்ரக்டை (பெட்டி எண் இருக்கும் தரவுத் தொகுப்பு) எப்படிக் கொண்டு போவது? இப்போது குளோபல் மாறியில் வைத்திருக்கிறேன்.

பழையமுனையம் எழுதியது:

பை 3-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. நேரம் கேட்க வழியில்லை என்றால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். உங்கள் பெட்டி இன்னும் பத்து நாள் பழைய நேரத்திலேயே இருக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாள், செர்ட்பாட் வழக்கமாக 30 நாள் மிச்சம் இருக்கும்போதே புதுப்பித்துவிடும். அந்தப் பத்து நாளுக்குள் புதுப்பித்திருக்கிறது. பெட்டியின் கணக்கில் அது எதிர்காலச் சான்றிதழ்.

9-ஐத் தாண்டாதீர்கள். கடிகாரம் தப்பாக இருக்கிறது என்று லைப்ரரி உங்களுக்கு நல்லதைத்தான் சொல்லியிருக்கிறது. தாண்டினால் இணைப்பு கிடைக்கும், ஆனால் அளவுகள் பத்து நாள் பழைய நேரத்தோடு பதிவாகும். மீன் விஷயத்தில் அது இணைப்பு இல்லாததைவிட மோசம். முதலில் அந்தக் கிடங்கின் ஃபயர்வாலில் யுடிபி 123 (இணையத்தில் நேரம் கேட்கும் போர்ட்) திறந்திருக்கிறதா பாருங்கள். 8883 மட்டும் திறந்து விட்டிருந்தால் பெட்டி நேரம் கேட்கவே முடியாது. அவர்கள் திறக்க மறுத்தால் டிஎஸ்3231 கடிகாரத் தொகுதி ஒன்றைப் பொருத்துங்கள். நேரம் சரியான பிறகு நிரலைத் துவக்குங்கள்.

நூல்கண்டு எழுதியது:

ஸ்ட்ரக்ட் கேள்விக்கு: இந்தக் கால்பேக்கில் நம் தரவுக்கென்று தனி அளபுரு கிடையாது, சுற்றிப் போக வேண்டும். நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு முறை எஸ்எஸ்எல்_கெட்_எக்ஸ்_நியூ_இண்டெக்ஸ் அழைத்து ஓர் எண் வாங்குங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் எஸ்எஸ்எல்_செட்_எக்ஸ்_டேட்டா மூலம் அந்த எண்ணில் உங்கள் சுட்டியை வையுங்கள். கால்பேக்குக்குள் எக்ஸ்509_ஸ்டோர்_சிடிஎக்ஸ்_கெட்_எக்ஸ்_டேட்டா-வை, எஸ்எஸ்எல்_கெட்_எக்ஸ்_டேட்டா_எக்ஸ்509_ஸ்டோர்_சிடிஎக்ஸ்_ஐடிஎக்ஸ் தரும் எண்ணோடு அழைத்தால் எஸ்எஸ்எல் சுட்டி கிடைக்கும். (பெயர் நீளம்தான், ஒரு தடவை எழுதினால் போதும்.) அதிலிருந்து உங்கள் ஸ்ட்ரக்ட். ஒரே இணைப்பு இருக்கும்வரை குளோபல் ஓடும். இரண்டாவது சர்வர் சேர்த்தால் குழம்பிவிடும்.

போவதற்கு முன் பேட்எஸ்எஸ்எல்.காம் தளத்தில் சோதித்துவிடுங்கள். காலாவதியானது, தானே கையெழுத்திட்டது, பெயர் பொருந்தாதது என்று வேண்டுமென்றே கெட்ட சான்றிதழ்களோடு துணை டொமைன்கள் வைத்திருக்கிறார்கள். போர்ட்டை மட்டும் 443 ஆக மாற்றுங்கள்.

குளிர்பெட்டி எழுதியது:

மூன்றையும் சோதித்தேன். காலாவதிக்கு 10, தானே கையெழுத்திட்டதற்கு 18, தப்பான பெயருக்கு 62. மூன்றிலும் இணைப்பு முறிந்தது. முறிந்ததைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

கால்பேக் இப்போது எட்டு வரி. பிழை வந்தால் எண், ஆழம், பெட்டி எண் மூன்றையும் எழுதிவிட்டு ப்ரீவெரிஃபை_ஓகே-வை அப்படியே திருப்புகிறது. கிடங்கில் கேட்டேன், 123 உண்மையிலேயே மூடித்தான் இருக்கிறது. திறக்க ஒரு வாரம் ஆகுமாம். அதனால் அந்தப் பெட்டிக்கு டிஎஸ்3231 வாங்கி வந்துவிட்டேன். வியாழன் ராத்திரி பற்றவைத்து, மின்சாரத்தைப் பிடுங்கி ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மற்ற 13 பெட்டிகள் வெள்ளிக்கிழமை போகின்றன.